முழங்கைக்கு மேலே மூன்று பவுன்

திருடர்கள் பிள்ளைகளைத் தொடமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டின் அசைக்கமுடியாத நம்பிக்கை. எந்தத் திருடனிடம் கேட்டு உறுதிப்படுத்தினார்களோ தெரியாது. அந்த நம்பிக்கையில்தான், எட்மண்டனிலிருந்த துருக்கி நகைக்கடையிலிருந்து சித்தியின் கலியாணக் காப்பை வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஏழு வயதான என் தலையில் விழுந்தது.

தங்கக் கம்பியைப் பாய் பின்னுவதுபோலக் கையாலேயே பின்னிச் செய்த அகலமான காப்பு. கூட வேலை செய்யும் துருக்கிப் பெண் ஒருத்தியின் கையில் கண்ட நாளிலிருந்து, எனக்கும் அதுதான் வேண்டும் என்று சித்தி ஒற்றைக் காலில் நின்று செய்வித்தது. கடைக்காரர் அதை அழகான பெட்டியில் வைத்துத் தந்தார். அம்மா கடையின் மூலையிலேயே என் ஜாக்கெட்டைக் கழற்றி, காப்பை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கொக்கியை மாட்டினார். அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட். வெறும் பெட்டி அம்மாவின் கைப்பைக்குள் போனது.

"கையை மடிச்சுப் பிடி. ஆர் கேட்டாலும் வாய் திறக்காதை. விளங்குதே?"

"ஓம் அம்மா."

சனிக்கிழமை மத்தியானம். தெரு நிறைய ஆட்கள். அத்தனை பேரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஒரு நாய் வந்து முகர்ந்ததற்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஸ் தரிப்புக்குத் திரும்பும் சந்தில் ஒரு ஸ்கூட்டர் நடைபாதையில் ஏறி எங்களை மறித்தது. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். பின்னால் இருந்தவன் சுத்தியலோடு இறங்கி அம்மாவின் கைப்பையைப் பறித்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒன்றுமில்லை. "எங்கே அது?" என்று ஆங்கிலத்தில் கத்தினான். பிறகு அவன் தலை என் பக்கம் திரும்பியது. மடித்துப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். நானொரு மடைச்சி, அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். காலோடு சூடாக மூத்திரம் ஓடியது.

அவன் என்னை நோக்கி ஓரடி வைத்தான். அம்மா கழுத்துச் சால்வையை இழுத்தெறிந்து, குளிக்கும்போதுகூடக் கழற்றாத தாலிக்கொடியைத் தலைவழியே கழற்றி, எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்று அவனிடம் நீட்டினார். அவன் அதைப் பறித்துக்கொண்டு ஏறினான். ஸ்கூட்டர் போய்விட்டது.

வீட்டில் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மூண்டு பவுன் காப்புக்காகப் பதினொரு பவுன் கொடியைக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய். உனக்கென்ன விசரே? அந்தக் காப்பை அவன் எடுத்துக்கொண்டு போகட்டும் எண்டு விட்டிருக்கலாமே!"

அம்மா காப்பைச் சித்தியிடம் கொடுத்தபோது அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னல் அச்சு விழுந்திருந்த என் கையை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்கும் அப்பா சொன்னதுதான் சரியென்று பட்டது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் கழித்தல் படித்திருந்தேன். அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.