ஒன்றரை நொடியில் ஓடிய சைன் அலை

கள்ளக்குறிச்சியில் சொந்த இடம் வாங்கி ஸ்டூடியோ கட்டினேன். கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் எடிட் செய்து கொடுத்ததில் எங்கள் பக்கம் நான்தான் முதல் ஆள். தியாகதுருகம், சங்கராபுரம், திருக்கோவிலூர் என்று மூன்று ஊர் மண்டபத்திலும் எல்.இ.டி. திரை போட்டேன். ஆறாவது தாண்டாதவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் எந்த பட்டன் எதற்கென்று ரெண்டு நாளில் பிடித்துவிடுவேன். பி.இ. படித்தவர்களே என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை.

சுகந்தி கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண். அப்பா சாமை விதைக்கிறவர். அவர்கள் ஊரில் எம்.எஸ்சி. கணக்கு படித்தது அவள் ஒருத்திதான். கீழே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலை மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக கணக்கு சாஃப்ட்வேரில் ஓர் அனிமேஷன் செய்திருந்தாள். இடப்பக்கம் ஒரு வட்டம், அதன்மேல் ஒரு புள்ளி சுற்றும். புள்ளி ஏறி இறங்க, வலப்பக்கம் சைன் அலை வரைந்துகொண்டே போகும். பள்ளியில் அந்த சாஃப்ட்வேர் இல்லை. வீடியோவாக மாற்றி பென்டிரைவில் வேண்டும் என்று என் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"வேகம் சரியா வருமாண்ணா? புள்ளி போறதப் பாத்துக்கினேதான் நான் பேசணும்."

"தாலி கட்டறதையே நிதானமா காட்டினவன் நானு. உன் புள்ளி எங்க ஓடிடும்? போயி பாடத்தப் படி."

ஸ்க்ரீனில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நொடி. அழகாகப் போனது. வீடியோவாக மாற்ற எக்ஸ்போர்ட் கொடுத்தேன். நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், என்று கேட்டது. என் கையில் ஊறியது இருபத்தைந்து. கல்யாணமோ காதுகுத்தோ, இருபத்தைந்துதான். போட்டேன். வெளியே வந்த ஃபைலை ஓட்டிப் பார்க்கவில்லை. நான் போட்டதை நானே சந்தேகப்படுவதா என்ற நினைப்பு.

மறுநாள் மதியம் வந்தாள்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சிண்ணா. திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு சார் கேட்டாரு, 'இன்னாம்மா, உன் புள்ளிக்கு கடைசி பஸ்ஸு போய்டுமா?'ன்னு. எல்லாம் சிரிச்சிட்டாங்க. அப்புறம் எனக்கு பேச்சே வரல."

"வேலை?"

"இல்லன்னுட்டாங்க. கம்ப்யூட்டர் பழக்கம் கம்மின்னு எழுதிக்கினாங்க."

என் தப்பாக இருக்குமோ என்று மனசில் பட்டது. கடையில் வேறு ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ குடுத்த ஃபைல்லதான் ஏதோ கோளாறு. என் கையில ஒரு வேலையும் கெட்டதில்ல" என்றேன்.

"அப்டிங்களாண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

நாலு நாள் பொறுத்து அந்த ஃபைலைத் திறந்தேன். கோணம் பத்துப் பத்து டிகிரியாக நகர்ந்தது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு முப்பத்தாறு படம். நொடிக்கு இருபத்தைந்து வீதம் ஓட்டினால் ஒன்றரை நொடிகூட வராது. ஸ்க்ரீனில் தெரியும் வேகம் வேறு. எக்ஸ்போர்ட் அதைச் சட்டை செய்யாது. மொத்தம் எத்தனை படம், நொடிக்கு எத்தனை படம், இந்த ரெண்டுதான் கணக்கு. நொடிக்கு மூன்று என்று போட்டாலும் பன்னிரண்டு நொடி வரும், ஆனால் புள்ளி தத்தித் தத்திப் போகும். ஒவ்வொரு டிகிரியாக நகர வைத்தேன். முந்நூற்றறுபது படம், நொடிக்கு முப்பது. பன்னிரண்டு நொடி, வழுக்கிக்கொண்டு போனது.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அவள் அப்பா நிலத்தில் நின்றார்.

"பாப்பா திருப்பூர் போயிடிச்சிங்க, பனியன் கம்பெனிக்கு. கணக்கெல்லாம் நமக்கு ஒத்துவராதுன்னு சொல்லிட்டுப் போச்சு. கையில வச்சிருக்கிறீங்களே, அதுல இன்னாங்க இருக்குது?"

"பாப்பா செஞ்ச படங்க. இப்ப சரியா ஓடுது."

"அப்போ, பாப்பா செஞ்சது தப்பில்லீங்களா?"

"தப்பில்லீங்க."

யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளியே வந்த ஃபைலை முழுசாக ஓட்டிப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தாருக்கும் ஒன்று. அந்தப் பெண் பெயருக்கு நேராக எழுதியதை அடியுங்கள். இருபத்தைந்து என்று போட்டவன் நான். அந்த ஒன்றரை நொடி முழுக்க என் வேலை. அதற்கு நேராக என் பெயரைத்தான் எழுத வேண்டும்.