செத்துஜு

கம்போங் ராஜா சாப்பாட்டுக் கடையில் மழை ஓயக் காத்திருக்கிறேன். டிவியில் ஏதோ வெளிநாட்டு நாடாளுமன்றம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் உட்காராமல் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் பேச்சு முடியும்வரை அரசால் மசோதாவை வாக்கெடுப்புக்கு விட முடியாது என்று, பக்கத்தில் இருக்கும் கோஸ் தோட்டக்கார அக்காவிடம் சொல்கிறேன்.

அக்கா மேசையைத் தட்டுகிறார். "இங்க முடியுமா லா? எங்க நிலக் குத்தகைக் கூட்டத்துல நான் வாயத் தொறந்ததுமே மைக்க ஆஃப் பண்ணிட்டானுங்க. ஆபீசர் எல்லாரையும் பாத்து 'செத்துஜு?'ன்னான். யாரும் மூச்சு விடல. சரின்னு எழுதிட்டுப் போயிட்டான்."

செத்துஜு என்றால் மலாய் மொழியில் சம்மதம். வாயை அடைத்துவிட்டு, அந்த மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அடுத்த கூட்டத்துல என்ன செய்வீங்க?"

"மைக் இல்லாமலே பேசுவேன், மண்டபத்தப் பூட்டுற வரைக்கும். அவன் செத்துஜுங்கிறான் தம்பி. நமக்கு அதுல முதல் பாதிதான் கேக்குது."