கறுத்துப்போன பேட்ஜ்

புரோட்டான் பீம் ஓட்டுகிறவனுக்கு ஆகாதது பேராசை. எனக்கு அது கொஞ்சம் அதிகம். வடக்கே ஒரு பெரிய நகரத்தில், தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, காந்தங்களின் குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவதுதான் எழுபதுகளில் என் பிழைப்பு. பீம் என்கிற அணுத்துகள் கற்றை குழாயின் நடுவில் போக வேண்டும். ஓரத்தில் உரசினால் அந்த இடமே கதிரை உமிழ ஆரம்பித்துவிடும். பிறகு பழுது பார்க்க எவனாலும் கிட்டப் போக முடியாது. பீமின் செறிவைக் கூட்டக் கூட்ட உரசலும் கூடும். ஆகவே கொஞ்சம் கூட்டி, திருத்தி, மறுபடி கூட்ட வேண்டும். மற்றவர்கள் போதும் என்று நிறுத்துகிற இடத்தில் நான் இன்னும் ஒரு நூல் ஏற்றிப் பார்ப்பேன். தர்மபுரிக் காட்டில் மழைக்கு ஏங்கியவன் நிறைந்த கிணற்றைக் கண்டால் விடுவானா?

அங்கே வேலை செய்கிற எல்லோரும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். தீப்பெட்டி அளவுதான், உள்ளே ஒரு துண்டு பிலிம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவுக்கு அது கறுக்கும். மாதம் முடிந்ததும் கழுவிப் பார்ப்பார்கள். என்னுடையது எப்போதும் வெளுத்தே வரும். ஒரு மாதம் கரிச்சட்டி போல வந்தது.

தலைமை அதிகாரி பிலிமை மேசையில் போட்டார்.

"பீம் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவுப் பூட்டை ஏமாற்றி உள்ளே போயிருக்கிறாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா?"

போகவில்லை என்று எங்கள் சர்ச் மாதா மேல் ஆணையிட்டேன். மாதாவை அவருக்குப் பழக்கமில்லை. இயந்திரத்தை நிறுத்தினார்கள். என்னிடம் ரத்தம் எடுத்தார்கள். குமிழ்ப் பக்கமே விடவில்லை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அப்புறம் புரோட்டான் ஓட்டத் தெரிந்தவனை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்? உயிர் பயத்தைவிட நாற்காலிப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. செய்யாத குற்றத்துக்கு மாட்டிவிட்டார்களே என்று ஆத்திரத்தில் சுவரைக் குத்தினேன்.

காப்பாற்றியது பிலிம் பரிசோதிக்கிற அம்மையார். பேட்ஜுக்குள் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் உண்டு. எங்கள் இயந்திரத்தின் கதிர் தகட்டையும் துளைத்துப் போய் எல்லா இடத்தையும் கறுக்க வைக்கும். இந்தப் பிலிமிலோ தகடு இருந்த இடமெல்லாம் கத்தரித்து ஒட்டியது போல வெளுத்திருந்தது.

"இது வலுவில்லாத கதிர். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே," என்றார். "லீவில் போனபோது எடுத்துக்கொண்டீர்களா?"

நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேட்ஜைக் கழற்ற மறந்து ஊருக்குக் கொண்டுபோனது உண்மை. எப்படியோ போகட்டும், என் உடம்பில் படவில்லை! தலைமை அதிகாரியே தேநீர் வாங்கிக் கொடுத்தார். அன்றே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு நூல் கூடவே ஏற்றினேன். வாயில் பாட்டு வேறு.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பேட்ஜ் தானாக நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போகாது. எழுந்து கையைக் கழுவினேன். இத்தனை நாளும் அந்தக் கறுப்பு என்னுடையதில்லை என்று நிரூபிக்கத்தான் ஓடியிருக்கிறேன். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ரயில் பிடித்து, தர்மபுரியில் பஸ் மாறி, பாப்பாரப்பட்டியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். நான் வந்ததும் வராததுமாக, என் பேட்ஜை யார் எடுத்தது என்று கத்தினேன்.

"நாந்தான் எடுத்தேன். ஏன்டா, கெட்டுப் போச்சா?" என்றாள். "நெஞ்சுல ஒரு கட்டி இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா வேலைய வுட்டுட்டு வூட்டுலயே உக்காந்துக்குவியேன்னு சொல்லல. நீ பெரியப்பன் வூட்டுக்குப் போன அன்னிக்கு, உங்கப்பா என்னைய தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. மிஷினு முன்னால நிக்கச் சொன்னாங்க. மிஷினு கிட்ட போறப்ப இதக் குத்திக்கணும்னு நீதான சொன்ன? குத்திக்கிட்டேன். மறுபடி மறுபடி நிக்க வெச்சாங்க. எனக்கு பயமே இல்ல. வந்ததும் உன் பையிலயே பத்திரமா போட்டுட்டேன்."

அது எதையும் தடுக்காது, பட்டது எவ்வளவு என்று பிறகு காட்டும், அவ்வளவுதான். இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"மெட்ராசுக்குப் போயி கரண்டு வெக்கணுங்கறாங்க," என்றாள்.

கரண்டு வைப்பது என்றால் எங்கள் பக்கம் புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் கொடுப்பது. அவளுக்கு அந்த நோயின் பெயர் தெரியுமா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது இன்னும் பெரிய மிஷினாமே," என்றாள். "அந்த பேட்ஜக் கொண்டாந்திருக்கியா கண்ணு?"