ஆறாவது கதிரை

எமிலியானுஸ் மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. அதில் கடைசி இரண்டு வருடத்தை ஒரு நாட்டைக் கட்டுவதில் செலவழித்தார். நாடா என்று சிரிக்க வேண்டாம். இங்குள்ள இலங்கைத் தமிழருக்கு ஐந்து ஊர்ச்சங்கங்கள் இருந்தன. ஐந்து பொங்கல், ஐந்து தலைவர், ஐந்து கோபம். மன்னார்க்காரர் வைக்கிற கூட்டத்துக்குத் தீவுக்காரர் போகமாட்டார்கள். வேலைத்தலத்தில் ஒரு பெடியன் விழுந்து செத்தபோது, அவன் எந்தச் சங்கத்து ஆள் என்று ஐந்தும் வாதாட, சடலம் ஒரு கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்த வெட்கம் பொறுக்காமல்தான் எமிலியானுஸ் புறப்பட்டார்.

வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஒருவர் திட்டியதை மற்றவரிடம் சொல்லாமல் விழுங்குவார். பட்டது நாய் படாத பாடு. கடைசியில் ஐந்து தலைவர்களும் ஒரே மேசையில் இருந்து, இனி ஒரே ஒன்றியம் என்று கைச்சாத்து வைத்தார்கள்.

நகரின் கால்சாப் பகுதியில் நகரசபையின் பழைய மண்டபம் ஒன்று வாடகையில்லாமல் கிடைப்பதாக இருந்தது. ஆனால் அதற்குப் போதிய உறுப்பினர் வேண்டும், ஐந்து சங்கமும் சேர்ந்தும் ஆள் போதவில்லை. பெரிய சங்கத்தின் தலைவர் இராஜதுரை எமிலியானுசின் தோளில் கைபோட்டார்.

"உம்மடை ஆக்களையும் சேரும், எமில். நாங்கள் எல்லாம் ஒரு இனம்தானே."

'உம்மடை ஆக்கள்' என்றால், தாழ்ந்த சாதி என்று ஊரில் தள்ளிவைத்த தெருவின் சனம். அவர்களுக்குச் சங்கம் இல்லை. தனியாகத் தொடங்கப் போனபோது, ஒரே ஊருக்குள் ஏன் பிரிவினை என்று மறித்தார்கள். சேரப் போனபோது பந்தியில் இடம் கொடுக்கவில்லை. சாதியும் கூடவே கடல் தாண்டி வந்தது. அதற்கு மட்டும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் எமிலியானுஸ் ஒரேத்தோத் தெருப்பக்கம் இருந்த தன் சனம் அத்தனையையும் கொண்டுவந்து சேர்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: நிர்வாகத்தில் அவர்களுக்கும் ஒரு கதிரை.

மண்டபம் கிடைத்தது. நிர்வாகம் சங்கத்துக்கு ஒருவர் என்று ஐந்து பேரோடு அமைந்தது. ஆறு கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி.

"உங்களுக்குத்தான் சங்கம் இல்லையே, எமில். நான் என்ன செய்யிறது?" என்றார் இராஜதுரை. "நீர் மண்டப ஒழுங்கைப் பாரும்."

அந்தக் கிழமை மகள் துசானிக்குச் சரித்திரச் சோதனை. அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் எப்படி ஒரே நாடாயின என்று குசினியில் இருந்து படித்தாள். சட்டசபையில் கூடுதல் இடம் பிடிப்பதற்காகத் தென்பகுதி எசமான்கள் தங்கள் அடிமைகளையும் சனத்தொகையில் சேர்க்கச் சொன்ன கதையை இத்தாலிய மொழியில் வாசித்து, தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள்.

"அடிமையளை ஐஞ்சிலை மூண்டு பங்கா எண்ணினவை, அப்பா. ஆனா அவைக்கு வோட்டு இல்லை."



"எங்களை முழுசா எண்ணினவை," என்றார் எமிலியானுஸ்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. மேடையில் ஐந்து கதிரை போடச் சொல்லியிருந்தார்கள். எமிலியானுஸ் ஆறு போட்டார். தலைவர்கள் வந்து அமர்ந்ததும், ஆறாவதில் தானே ஏறி அமர்ந்தார். பின்வரிசையில் இருந்த அவருடைய சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. அவருக்குப் பயம்தான். ஆனால் எழும்புவதாக இல்லை.

இராஜதுரை குனிந்து காதுக்குள் கதைத்தார்.

"படம் எடுத்த பிறகு வந்து இரும், எமில்."

"இல்லை, அண்ணை. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

இராஜதுரை எழுந்தார். மன்னார்த் தலைவர் எழுந்தார். தீவுத் தலைவரும் மற்ற இருவரும் எழுந்தார்கள். ஐவரும் மேடையை விட்டு இறங்கி, கீழே தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்குக்கூட இந்த ஐந்து பேரையும் எமிலியானுஸ் மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கிறார். அன்றைக்கு ஒருவரையொருவர் கேளாமலே ஐந்து பேருக்கும் ஒரே முடிவு வந்தது.