மடியில் ஒரு போணி தண்ணீர்

எங்கள் வாப்பா வாங்கிய காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். தேங்காப்பட்டணத்துக்கு அதற்கு முன் கார் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. ஊரில் தங்கிய கார் அதுதான். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. நீண்ட மூக்கோடு தரையில் பதுங்கினாற்போல் நிற்கும் பச்சை வண்டி. கூரை துணிதான். பின்பக்கம் ஒரு மூடியைத் திறந்தால் டிக்கிக்குள் ஒரு ஆள் ஒடுங்கி உட்காரலாம். மழை பெய்தால் நனையலாம். பந்தயத்தில் ஓடுவதற்கென்றே செய்த வண்டியாம். வாப்பாவோ கொப்பரை வியாபாரி, பள்ளிவாசலுக்குக்கூட செருப்பு தேயாமல் நடக்கிறவர். இவருக்கு எதற்கு இந்த வண்டி என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். எல்லாருக்கும் ஒரு சிரிப்புதான் பதிலாகக் கிடைத்தது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. உம்மா மாதக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தாள். என்ன சங்கதி என்று மாமியிடம் கேட்டேன். மாமி என்றால் வாப்பாவின் அக்கா. உம்மா படுத்ததிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. உம்மாவுக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமி மீன் அறுக்கப் போய்விட்டாள். நானும் நம்பினேன். உம்மாவின் வயிறு பெரிதாகிக்கொண்டு வருவதைத்தான் கண்ணால் பார்த்தேனே.

இதற்கு முந்தைய முறை உம்மாவை நெய்யூர் ஆசுபத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டு போனார்கள். கருங்கல் தாண்டி ஒரு இறக்கத்தில் சக்கரம் குழியில் விழுந்து வண்டி தூக்கிப் போட்டது. ஆசுபத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. இதெல்லாம் எனக்கு எத்தனையோ காலம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சொன்ன கதை வேறு. வெறுங்கையோடு திரும்பி வந்த உம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ள, மாமி என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போய்க் காதோடு சொன்னாள்:

"தம்பிய நெய்யூர்ல விட்டுட்டு வந்திருக்கு மோளே. கொஞ்சம் வளந்த பெறவு எடுத்திட்டு வரலாம். உம்மாட்ட கேக்கப்பிடாது, கேட்டியா?"

நான் கேட்கவில்லை. மனசுக்குள் மட்டும் தம்பியை வளர்த்துக்கொண்டே வந்தேன். இப்போது குப்புற விழுவான், இப்போது தவழ்வான், இப்போது பல் முளைத்துக் கடிப்பான் என்று. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்னோடு சண்டை பிடித்தால், எங்கள் தம்பி வரட்டும் பார் என்று மிரட்டியும் வைத்திருந்தேன்.

வண்டி குலுக்கியதால்தான் பிள்ளை போனது என்று வாப்பா முடிவு கட்டிவிட்டார். டாக்டரம்மா அப்படிச் சொன்னாரா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த முறை உம்மாவை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நெய்யூர் சேர்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. மாட்டு வண்டி வேண்டாம், பஸ் வேண்டாம், வாடகைக் காரும் அதை ஓட்டும் அன்னிய ஆளும் வேண்டாம். தன் காலை மட்டும் நம்பினார். அந்தக் கால்தான் காலை வாரியது.

கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி அலறும். தகரத்தைக் கல்லில் போட்டு இழுத்தாற்போல ஒரு சத்தம். அது முடிந்ததும் கடா முட்டினாற்போல ஒரு குலுக்கல். தெருவில் கோழிகள் கூரை ஏறும். உள்ளே உம்மா கண்ணை மூடிக்கொள்வாள். கருங்கல் பஸ் டிரைவர் ஒருவரை வாப்பா கெஞ்சிக் கூட்டி வந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு மிதியில் கியர் மாற்றக் கூடாது, இரண்டு மிதி வேண்டும். கிளச்சை மிதித்துக் கியரை எதிலும் சேராமல் நடுவில் நிறுத்து. காலை எடு. திரும்பவும் மிதித்து அடுத்த கியருக்குத் தள்ளு. கீழ்க் கியருக்கு வரும்போது, நடுவில் நிற்கிற அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டு. உள்ளே சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் கியர் வெண்ணெய்க்குள் கத்தி போல இறங்கும். வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று வாப்பா கேட்டார். தெரியும்போது தெரியும் என்று சொல்லி, மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு அந்த மனிதர் போய்விட்டார்.

அதிலிருந்து வாப்பாவின் இடதுகால் அவருடையதாகவே இல்லை. சோறு தின்னும்போது பாயில் நீட்டியிருக்கும் கால் இரண்டு தடவை அமுங்கும். கொப்பரைக்கு விலை பேசும்போதும் அமுங்கும். வந்தவர்கள் வாப்பாவுக்கு வாதம் என்று நினைத்துத் தைலத்தின் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் பக்கத்து இருக்கையில் ஏற்றினார். கார் சவாரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்களையிலிருந்து ஒரு பித்தளைப் போணியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அனங்காம இரி மோளே. இது சிந்துதான்னு பாக்கணும்."

எதற்கு என்று சொல்லவில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே இனயம் போகிற பாதையில் வண்டி கிளம்பியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றியதும் பாதித் தண்ணீர் என் பாவாடையில். மூன்றாவதற்கு மாற்றியதும் மீதியும் வந்து சேர்ந்தது. வாப்பா வண்டியை நிறுத்தி, "போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. வழியில் இருந்த கிணற்றில் திரும்பவும் நிரப்பினார். திரும்பவும் சிந்தியது. தினமும் இதே கூத்து. நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்தால், இத்தனை வயசுக்கு மேலும் இப்படியா என்று மாமி என் முதுகில் ஒன்று வைப்பாள். காரில் நனைந்தது என்று சொன்னால் இன்னொன்று வைப்பாள்.

பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்தால் பிள்ளைகள்தான் சமாளித்துக்கொள்ள வேண்டும். சிந்தாமல் பிடிக்கிற வேலை என்னுடையது என்று நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் ஒரு வழி அகப்பட்டது. எங்கள் வீட்டில் உலை வைத்தாலும் பிஸ்மில்லா, பெட்டியைத் திறந்தாலும் பிஸ்மில்லா. வாப்பாவும் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் கிளச்சில் கால் வைக்குமுன் மெதுவாகப் பிஸ்மி சொல்வார். அது அவர் காதுக்கே கேட்டிருக்காது, என் காதுக்குக் கேட்டது. அந்தச் சொல் வந்ததும் போணியை மடியிலிருந்து ஒரு விரல்கடை தூக்கிக்கொள்வேன். வண்டி முட்டும்போது கையைத் தளர்த்தி அதன் போக்கில் விடுவேன். தண்ணீர் ஆடும், விளிம்பு வரை வரும், சிந்தாது.

வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இனயம் போய்த் திரும்பியும் ஒரு துளி சிந்தாத அன்று, என்னைத் தூக்கிச் சுற்றினார். தன் கால் படிந்துவிட்டது என்று மாமியிடம் சொன்னார். நான் உம்மாவிடம் போய் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். பிஸ்மி, விரல்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா முதலில் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பாவிடம் சொல்லாதே என்றாள். நல்ல விஷயத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

உம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். கட்டில் விரிப்பைக் கிழித்துக் காருக்கு இரண்டு பக்கமும் திரை கட்டினார்கள். உம்மாவைத் துப்பட்டியால் மூடி, முன் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார்கள். மாமி கலிமா சொல்லிக்கொண்டே டிக்கிக்குள் இறங்கி, குடையை விரித்து மறைத்துக்கொண்டாள். என்னை வீட்டில் விட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. உம்மா திரைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"இவ எங்கூட வரட்டு. இல்லேன்னா வண்டிய எடுக்காண்டாம்."

இருக்க இடம் ஏது என்று வாப்பா தடுமாறினார். உம்மாவே காலடியில் காட்டினாள். நான் கீழே, அவளைப் பார்த்தபடி, அவள் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். அவள் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, "போணி மாதிரி பிடிச்சுக்கோ" என்றாள். அப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. வயிற்றில் தண்ணீர், நெய்யூர் வரை சிந்தக் கூடாது. இதைச் சொல்ல இவர்களுக்கு இத்தனை நாளா?

கருங்கல் வரை பெரிய பாடு இல்லாமல் வந்தோம். திங்கட்கிழமை திங்கள்சந்தை கூடும் என்பதை வாப்பா மறந்தே போனார். வாழைக்குலை வண்டிகளும் கருவாட்டுக் கூடைகளும் ஆடுகளும் பாதையை அடைத்து நின்றன. ஓடுவதும் நிற்பதுமாக வண்டி திணறியது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, திரும்பவும் இரண்டு. வாப்பாவின் தாடியிலிருந்து வேர்வை சொட்டியது. குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கீழே இருந்ததால் எனக்கு அந்த உதடு தெரிந்தது. அது அசையும்போதெல்லாம் உம்மாவை இறுக்கிப் பிடித்தேன். குலுக்கல் என் முதுகில் இடித்து நின்றது. ஒரு தடவை என் கன்னத்தில் உள்ளிருந்து ஏதோ உதைத்தது. தண்ணீர் உதைக்குமா? உம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் ஆசுபத்திரி முற்றத்து மரத்தடியில் வாப்பா நின்று விம்மி விம்மி அழுதார். விட்டுப் போன பிள்ளையைத் திரும்ப வாங்க வந்தவர் எதற்கு அழ வேண்டும்? உள்ளே போய்ப் பார்த்தேன். உம்மாவின் வயிறு வற்றியிருந்தது. பக்கத்தில் தம்பி கிடந்தான். சிவப்பாக, சுருங்கி, என் முழங்கை நீளம்கூட இல்லாமல். எனக்கு வந்த ஏமாற்றம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் இவனை எப்படிக் காட்டுவது?

சில நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பினோம். டிக்கியில் இனி செத்தாலும் ஏற மாட்டேன் என்று மாமி முன்பே பஸ்ஸில் போய்விட்டாள். தம்பி உம்மாவின் மடியில், நான் அதே காலடியில். சந்தை காலியாகக் கிடந்தது. வாப்பா பிஸ்மி சொல்வதும் கேட்டது, கால் இரண்டு தடவை அமுங்குவதும் தெரிந்தது. கியர் மாறியது மட்டும் தெரியவே இல்லை. நான் யாரையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. உம்மாகூட அசந்து கண்ணை மூடியிருந்தாள். கருங்கல் ஏற்றம் தொடங்கும் இடத்தில், நாள்கணக்கில் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"வாப்பா, விட்டுட்டு வந்தப்பம் இருந்தது போலயே இருக்கான். இத்தன நாளும் இவன் ஏன் வளரல்ல?"

வண்டி அலறியது. பழைய அலறல், பழைய குலுக்கல். முன்னும் பின்னும் ஆடி, ஏற்றத்தில் நின்றே போனது. தம்பி விழித்துக் கத்தினான்.

"பிஸ்மி சொல்லாம மாத்திட்டியளே வாப்பா" என்றேன்.

அவர் இறங்கி, முன்னால் போய் இஞ்சின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். உம்மா துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். இஞ்சின் சூடாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இருக்கைக்கு அடியில் அந்தப் போணி கிடந்தது. எடுத்துக்கொண்டு பாதையோர ஓடைக்கு ஓடினேன். விளிம்பு வரை நிரப்பி, ஏற்றத்தில் ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

வாப்பா வாங்கினார். ஊற்ற வேண்டிய இடத்தை நான் கைகாட்டினேன். அவரோ அவ்வளவு தண்ணீரையும் தன் முகத்தில் ஊற்றிக்கொண்டு, பாத்திரத்தை என்னிடம் திருப்பித் தந்தார். இஞ்சின் கொதித்துப்போய் நிற்கும்போது இந்த மனிதர் ஏன் முகம் கழுவுகிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இஞ்சினுக்கு இன்னொரு போணி கொண்டுவர ஓடினேன்.