மூன்றாம் ஓலை: கடலோரக் கோயிலில் ஒரு ஞாயிறு

எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்கே குழம்பிவிடும்.

1. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழி, நேரம், செலவு.
2. கோயிலும் ஞாயிறு பூசையும்.
3. பூசை முடிந்தபின் நடந்தது.
4. அதை வீட்டிலேயே பேசித் தீர்த்திருக்கலாம் என்ற என் கருத்து.

போன ஆகஸ்டில், 2006இல், போய்வந்த பயணம் இது. என் தம்பி அருளப்பன் கல்பாக்கத்தில் குடியிருக்கிறான். அவன் மகள் அமலிக்கு இருபத்தைந்து வயது, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சென்னையில் வங்கியில் இருக்கும் கிளமெண்ட் என்ற பையனுக்கு நிச்சயமாகியிருந்தது. எங்கள் கத்தோலிக்கர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கும்படி சாமியார் வாசிப்பார். ஓலை வாசிப்பது என்போம். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள், பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு, நீங்களும் வரவேண்டும் என்று தம்பி கூப்பிட்டான். (பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அமலியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் காலை 5.20க்கு மாமல்லபுரம் வண்டி. திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். வலதுபக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், கண்ணாடி ஏறாது, காற்று முகத்தில் அடிக்கும். 6.25க்கு இறங்கினேன். அங்கிருந்து கல்பாக்கம் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் தம்பி குடும்பத்தின் கோயில் இருக்கும் மீனவர் கிராமம். அந்த நேரத்தில் பேருந்து இல்லை என்று ஆட்டோக்காரர் சொன்னார். உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நூத்திருவது குடு சார்."

எண்பது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நூறு என்று வந்துவிட்டது.

"ஏறு சார், ஏறு. இன்னா விசேஷம்? காலங்காத்தால மடிப்பு கலையாத சட்ட போட்டுகினு கீற?"

கல்யாண ஓலை என்றேன்.

"ஓலையா? அதான் செல்போன் வந்துட்ச்சே நைனா, இன்னும் இன்னா ஓலை?" என்று சிரித்தார். வழக்கத்தை விளக்கினேன். "அப்ப கல்யாணம் வேணாம்னு எவன் வேணா வந்து சொல்லலாமா? செம பேஜாரு சார்." யாரும் வரமாட்டார்கள், அது ஒரு மரபு, அவ்வளவுதான் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.

கோயில் சிறியது. வாசலிலிருந்து நூறடியில் மணல், மணலில் படகுகள். வெளியூரிலிருந்து போகிறவர்கள் செருப்பை வாசலில் விடவேண்டும். பாயில்தான் உட்காரவேண்டும். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குப் பின்சுவரை ஒட்டி இரண்டு பெஞ்சு உண்டு. பூசை 7.30க்கு. 7 மணிக்கே போனால் பெஞ்சில் இடம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

அங்கிருந்து எல்லோரையும் பார்க்க முடிந்தது. முன்வரிசையில் தம்பி குடும்பம், எதிர்ப்பக்கம் கிளமெண்டும் அவன் அம்மாவும். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது அமலி எழவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறாதவள். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன் எதுவும் சாப்பிடக்கூடாது; காலையில் மறந்து காபி குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற அந்தக் கடைசி வரியை அறுபது வருடமாகக் கேட்டுவருகிறேன். ஒருவர்கூட எழுந்து போய்ப் பார்த்ததில்லை. அந்த வரி வரும்போது நான் வழக்கமாகக் குடையைத் தேடுவேன். அன்றும் தேடினேன்.

பூசை முடிந்து, தம்பி சொன்னபடி, சாப்பாட்டுக்குச் சாமியாரை அழைக்கச் சக்ரீஸ்துக்குப் போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் உடை மாற்றும் அறை அது. சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியார், அந்த ஊர்க்காரர், பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே அமலி அங்கே நின்றிருந்தாள்.

"இன்னாம்மா கல்யாணப் பொண்ணு? சாமியாருக்கு நாஸ்தா அனுப்பிட்டியா?" என்றார் உபதேசியார்.

"தடை சொல்ல வந்திருக்கேன்."

"யாரு கல்யாணத்துக்கும்மா?"

"என் கல்யாணத்துக்குத்தான்."

உபதேசியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நான் செய்த முதல் காரியம், வெளியே யாருக்கும் கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்தியது.

அவள் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். வெள்ளிக்கிழமை கிளமெண்ட் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டதால் இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டினான். 'எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலை' என்று அமலியே சொல்லிவிட்டால் தன் தலை தப்பும் என்று கேட்டிருக்கிறான்.

"நீங்களே சொல்லிருங்கன்னு ரெண்டு நாளா கெஞ்சினேன் ஃபாதர். இன்னிக்குப் பூசைக்கு முன்னாடியும் சொன்னேன். அவர் சொல்லலை. எனக்குப் பிடிக்கலைன்னு பொய் சொல்லவும் முடியலை. தெரிஞ்சதை மறைச்சு வச்சுக்கிட்டு நற்கருணை வாங்கவும் முடியலை."

"அம்மாடி, மெதுவா" என்றேன். "இதை வீட்டில போய்ப் பேசிக்கலாமே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சாமியார் கிளமெண்டையும் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டார். ஆறேழு பேருக்கே இடம் போதாத அறை. "கல்யாணத்தன்று யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்திருக்கிறாயா என்று உன்னைக் கேட்பேன். அதை இப்போதே கேட்கிறேன்" என்றார் அவனிடம். கிளமெண்ட் அம்மாவைப் பார்த்தான். வெளியே பிள்ளைகள் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுடா, எவ வற்புறுத்துனது?" என்றார் அந்த அம்மா.

"இல்ல ஃபாதர். வற்புறுத்தல் இருக்கு" என்றான்.

அந்த அம்மா அமலியிடம் போனார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அமலியும் பயந்திருக்கவேண்டும், ஒரு அடி பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டாள். "என் மானத்தை வாங்க உனக்குக் கோயில்தான் கிடைச்சுதாடி?"

"மூணு வாரமா இங்கேதானே கேட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

கல்யாணத்தை நிறுத்திவைப்பதாகச் சாமியார் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலேயே போய்விட்டார்கள். காலையில் என்னைக் கொண்டுவந்த ஆட்டோ திரும்பும் சவாரிக்காக வாசலிலேயே நின்றது. "இன்னா சார், முடிஞ்சிட்ச்சா?" என்றார் டிரைவர். முடிந்துவிட்டது என்றேன். தம்பி வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு காலை மாமல்லபுரத்தில் ஆட்டோ பேரத்தை எண்பதில் ஆரம்பிக்கவும். தண்ணீர் கொண்டுபோகவும், கோயில் குழாயில் உப்புக் கரிக்கிறது. குடை எடுத்துப்போவது நல்லது, கோயிலில் மறந்து வைக்காமல் கொண்டுவருவது இன்னும் நல்லது. திரும்பும்போது கல்பாக்கத்திலிருந்தே செங்கல்பட்டுக்கு நேர்ப் பேருந்து உண்டு, மாமல்லபுரம் போய் மாறவேண்டாம். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். நான் திரும்ப மாலையாகிவிட்டது.

இனி, ஆரம்பத்தில் போட்ட வரிசையில் நான்காவது குறிப்பு. திரும்பும் வண்டியில் இந்தப் பதிவுக்குக் குறிப்பெடுத்தபோது மனத்தில் இருந்தது இதுதான். அமலி சொன்னது சரி, சொன்ன இடம் சரியில்லை. வீட்டில் சொல்லியிருந்தால் யார் மானமும் போயிருக்காது. இதை நிறுவத்தான், வீட்டில் நடந்ததையும் எழுத ஆரம்பித்தேன்.

பதினைந்து பேருக்குச் செய்த இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் மேசைமேல் அப்படியே இருந்தன. தம்பி மனைவி, "பத்திரிகை அடிச்சாச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தம்பி, "ஒரு மாசம் போனா பையன் மனசு மாறிடும்" என்றான். அவன் மைத்துனன், "கல்யாணத்துக்கு முன்னாடி எவனுக்குத்தான் எவளும் இல்லை?" என்றான். நான், "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமேம்மா" என்றேன். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. அமலி அழவில்லை, சண்டை போடவில்லை. எங்களுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரிப்பா. நான் சொன்னது தப்புன்னா யாராவது ஒருத்தர் இப்பவே போய் ஃபாதர்கிட்ட 'தடை எதுவும் இல்லை'ன்னு சொல்லிட்டு வாங்க. நான் கட்டிக்கிறேன்."

தம்பி என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்க போய்ச் சொல்லுங்களேன். உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கும்."

நான் தட்டைப் பார்த்தேன். மைத்துனன் கை கழுவப் போனான். தம்பியும் எழவில்லை. சாப்பாட்டு மேசையில் அத்தனை சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, அந்தக் கோயிலில் போய்ச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் கால் வரவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு, ஆரம்பத்தில் போட்ட வரிசையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நான்காவது குறிப்பு தவறு.