வால்டரின் கட்டைவிரல்

வால்டருக்கு எழுபத்தாறு வயது. தங்கச் சுரங்கம் மூடும்வரை வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜைக் குலுக்காமல் மேலே கொண்டுவந்து நிறுத்துவது அவர் வேலை. வருஷத்துக்கொரு முறை லீவு போட்டு நீலகிரி ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவார். ராபர்ட்சன்பேட்டை பழைய சாமான் கடையில் வாங்கிய, தூண்டில் நூல் சுற்றும் சென்டர்பின் ரீல் ஒன்று அவரிடம் உண்டு. நடு ஆணியில் தடையில்லாமல் சுழலும் உருளை, அவ்வளவுதான். மிதவையை நீரோட்டம் இழுத்துப் போக, நூல் தானாக அவிழும். விளிம்பில் வைக்கும் கட்டைவிரல்தான் பிரேக்.

சுரங்கம் மூடியபின் வாட்ச்மேன் வேலை. லீவு ஏது? ஆற்றைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன வருஷம் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. மனைவி ஐடா ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. ரீலைக் கொடுத்தாள். காலையும் மாலையும் கண்ணை மூடிச் சுற்றினார்.

"தண்ணி கல்லுல மோதுற சத்தம் கேக்குது ஐடா."

"எதிர் வூட்ல மோட்டார் போட்டிருக்காங்க. சுத்துங்க."

எட்டு மாதத்தில் விரல்கள் மடங்கின. தினம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் மகன் எல்வின், "ஓடுற நூலை நிறுத்திக் காட்டுப்பா, அடுத்த மாசமே ஆத்துக்கு இட்டுனு போறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் வால்டர் ரீலோடு வாசலில் உட்கார்ந்தார். எல்வின் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். நூல் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐடா தெருவில் விறுவிறுவென்று நடந்தாள்.

"இன்னா ஐடாக்கா, இந்த வயசுல மாமா உன்னைத் தூண்டில்ல மாட்டிட்டாரா?" என்றாள் பக்கத்து வீட்டு குணசுந்தரி.

"மாட்டி அம்பது வருஷமாச்சு. வழி விடு."

உருளை வேகமெடுத்தது. வால்டர் சட்டென்று விரலை அழுத்தினார். நூல் பட்டென்று அறுந்தது. கேஜ் தறிகெட்டு ஓடினால் பிரேக்கை அப்படித்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மீனுக்கோ விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கை நன்றாக இருந்த காலத்திலும் பெரிய மீன்களை அவர் கோட்டைவிட்டது இப்படித்தான்.

ஐடா திரும்பி வந்து விரலைப் பார்த்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"எரியலையா?"

"இன்னா எரியணும்?"

மீன் இரையைத் தொடுவது அந்த விரலுக்குத்தான் முதலில் தெரியும். இப்போது அதற்கு எதுவுமே தெரியவில்லை.

அவள் துடைத்து, மருந்து போட்டுக் கட்டினாள். வால்டர் ரீலைத் தள்ளி வைத்தார்.

"எல்வின்கிட்ட ஆத்துக்குப் போக வேணான்னு சொல்லிடு."

"உங்க வாய்க்கு இன்னா? நீங்களே சொல்லுங்க." எல்வின் நம்பரைப் போட்டு, போனை அவர் காதில் வைத்தாள்.

"இன்னாப்பா, நிறுத்திட்டியா?" என்றான் எல்வின்.

வால்டர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் மழை பெஞ்சுதாமா?" என்று கேட்டார். "ஆத்துல தண்ணி எவ்ளோ இருக்குதாம்?"